ஒரே கடவுளா? ஒரு பழைய வழக்கு

எல்லா மதங்களும் வணங்குவது ஒரே கடவுளைத்தான் என்பது மேடைகளில் கைதட்டலோடு வரவேற்கப்படும் கூற்று. மனத்துக்குள் மாற்றுக் கருத்து உடையவர்களும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டுப் போவதுண்டு. கூற்றைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் மூன்று கேள்விகள் கலந்து கிடப்பது தெரியும். வழிபடுவோர் யாரை நோக்கிக் கைகூப்புகிறார்கள் என்பது ஒன்று. அவரைப் பற்றி என்ன நம்புகிறார்கள் என்பது மற்றொன்று. அந்த வழிபாடு அவரிடம் போய்ச் சேருகிறதா, அவர் அதை ஏற்கிறாரா என்பது மூன்றாவது. ஒன்றுக்கு ஆம் என்றும் இன்னொன்றுக்கு இல்லை என்றும் விடை சொல்வதில் முரண்பாடு எதுவும் கிடையாது; சமய வரலாற்றில் சிந்தித்தவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். இந்த வழக்கு மிக நீண்ட காலமாகவும் மிகக் கடுமையாகவும் நடந்துவருவது யூதம், கிறித்தவம், இஸ்லாம் ஆகிய மூன்றுக்கும் இடையில்தான். மூன்றும் ஆபிரகாமை முன்னோராகக் கொண்டவை. மூன்றும் கடவுள் ஒருவரே என்பவை. பங்காளிச் சண்டைக்கு உள்ள சூடு அயலார் சண்டைக்கு வராது.

பல தெய்வங்களை வணங்கிய பழைய உலகில் இது பெரிய சிக்கலாக இருக்கவில்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்தைப் பற்றி எழுதிய ஹெரோடோட்டஸ், அந்நாட்டு அமுனை ஜீயஸ் என்றும் ஒசிரிசை டயோனிசஸ் என்றும் தயக்கமில்லாமல் எழுதிச் சென்றார். ரோமர்கள் பிரிட்டனைப் பிடித்தபோது, பாத் நகர வெந்நீர் ஊற்றில் குடியிருந்த சுலிஸ் என்ற உள்ளூர்த் தெய்வத்தைத் தங்கள் மினர்வாவோடு இணைத்துச் சுலிஸ் மினர்வா என்று கோயில் கட்டினார்கள். தெய்வங்களுக்கு இன்னின்ன பொறுப்பு என்று பிரிந்திருந்ததால், ஒரு நாட்டின் மழைத் தெய்வத்துக்கு இணையான தெய்வத்தை அடுத்த நாட்டில் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது. இதில் அரசியல் தேவையும் உண்டு. கி.மு. 13ஆம் நூற்றாண்டில் எகிப்தின் இரண்டாம் ராமசேசும் ஹிட்டைட் மன்னன் ஹத்துசிலியும் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு இரு நாட்டுத் தெய்வங்களும் சாட்சி. எதிராளியின் தெய்வம் பொய் என்றால் அவன் செய்த சத்தியத்துக்கு என்ன மதிப்பு? ஒரே ஒரு கடவுளைத் தவிர வேறு எவரும் வணக்கத்துக்கு உரியவரல்லர் என்ற கொள்கை வந்த பிறகே, பிறர் வணங்குவது யாரை என்பது வாழ்வா சாவா என்ற கேள்வியானது.

கிறித்தவத்தில் இந்தக் கேள்வி வீட்டுக்குள்ளேயே முதலில் எழுந்தது. கருங்கடல் கரையிலுள்ள சினோப்பைச் சேர்ந்த மார்சியன் ரோமுக்கு வந்து ஒரு புதிய போதனையைத் தொடங்கினார். உலகைப் படைத்து, சட்டம் விதித்து, தண்டனை வழங்கும் யூத வேதத்தின் கடவுள் வேறு. இயேசு காட்டிய அன்புமயமான தந்தை வேறு என்றார். 144இல் ரோமத் திருச்சபை அவரை விலக்கியது. அவர் கொடுத்திருந்த பெரும் நன்கொடையையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. பிற்காலத்தில் கிறித்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் அவரை மறுத்து ஐந்து புத்தகங்கள் எழுதினார். யூதர்களின் கடவுளே இயேசுவின் தந்தை என்பது திருச்சபையின் உறுதியான முடிவு. அந்த முடிவுக்கு நீண்ட பின்விளைவு உண்டு. யூதர்கள் மூவொரு கடவுள் கொள்கையை ஏற்பதில்லை, இயேசுவைக் கடவுளாகவும் ஏற்பதில்லை. அப்படியிருந்தும் அவர்கள் வணங்குவது அதே கடவுளைத்தான் என்றால், மூவொருமையை மறுக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் வேறு கடவுளை வணங்குகிறார் என்று வாதிட இடமில்லாமல் போகிறது. முஸ்லிம்களைப் பற்றிய பிற்கால விவாதங்களில் இந்த முடிச்சை நேர்மையாக அவிழ்த்தவர்கள் குறைவு.

குர்ஆனில் இரண்டு பக்கமும் உண்டு. 29ஆம் அத்தியாயத்தின் 46ஆம் வசனம், வேதம் வழங்கப்பட்டவர்களோடு அழகிய முறையில் வாதாடும்படி சொல்லி, இரு தரப்பாருக்கும் இறைவன் ஒருவனே என்று அவர்களிடம் அறிவிக்கச் சொல்கிறது. 109ஆம் அத்தியாயமோ, மக்காவின் மறுப்பாளர்கள் வணங்குவதும் நபி வணங்குவதும் ஒன்றல்ல என்று அவர்கள் முகத்துக்கு நேரே கூறச் சொல்கிறது. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. வானங்களையும் பூமியையும் படைத்தது யார் என்று கேட்டால் அந்த மக்காவாசிகளும் அல்லாஹ் என்றே பதில் சொல்வார்கள் என்று 29ஆம் அத்தியாயமே சொல்கிறது. படைத்தவனை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். அவனோடு பிறரையும் சேர்த்து வணங்கியதால் அவர்களது வணக்கம் வேறாகிவிட்டது. ஆக, படைத்தவன் ஒருவன் உண்டு என்று ஒப்புக்கொள்வது மட்டும் ஒரே வணக்கத்துக்குப் போதாது என்பது குர்ஆனின் நிலை. முதல் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் விடை வேறாகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

கிறித்தவத் தரப்பில் முஸ்லிம்களைப் பற்றிப் பேசிய தொடக்ககால அறிஞர்களில் முக்கியமானவர் 8ஆம் நூற்றாண்டின் தமஸ்கு யோவான். உமய்யா கலீஃபாக்களின் ஆட்சியில் வளர்ந்தவர் அவர். இஸ்லாத்தை அவர் வேற்றுச் சமயமாக எண்ணவில்லை, வழிதவறிய கொள்கைகளின் பட்டியலில் சேர்த்தார். இது வசைதான். ஆனால் வழிதவறியவன் என்று சொல்வதற்கே ஒரு பொது வழி முதலில் இருந்தாக வேண்டும்.

1076இல் திருத்தந்தை ஏழாம் கிரகோரி, இன்றைய அல்ஜீரியாவில் ஆட்சி செய்த ஹம்மாதிய அரசர் அந்நாசிருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அரசர் தம் நாட்டுக் கிறித்தவர்களுக்காக ஒரு குருவை ஆயராகத் திருநிலைப்படுத்தும்படி கேட்டிருந்தார். சில கிறித்தவக் கைதிகளை விடுவித்தும் இருந்தார். மகிழ்ந்துபோன கிரகோரி, வெவ்வேறு முறைகளில் என்றாலும் இரு தரப்பாரும் ஒரே கடவுளை நம்பி அறிக்கையிடுகிறார்கள் என்று எழுதினார். இருபது ஆண்டுக்குள் முதல் சிலுவைப் போர் புறப்பட்டது. கடிதத்தின் ராஜதந்திர இனிமையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அந்த வாக்கியம் நிலைத்தது. சுமார் 900 ஆண்டுகள் கழித்து அது மறுபடி எடுத்துக்காட்டப்பட்டது.

இதே கேள்வி சடங்கு ஏட்டின் ஒரு வரியாக வந்து நின்ற இடம் கான்ஸ்டாண்டிநோபிள். இஸ்லாத்திலிருந்து கிறித்தவத்துக்கு மாறுகிறவர் சொல்ல வேண்டிய துறப்புறுதிகளில் ஒன்று, முகம்மதுவின் கடவுளைச் சபிப்பது. குர்ஆனின் 112ஆம் அத்தியாயம் இறைவனுக்குச் சொல்லும் ஓர் அடைமொழியைப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு, அடித்து வார்த்த கெட்டி உலோகம் என்ற பொருள் வரும்படி ஆக்கியிருந்தது. அதனால் முஸ்லிம்கள் ஒரு திண்மையான உலோக உருண்டையை வணங்குவதாகவே சடங்கு ஏடு பேசியது. 1180இல் பேரரசர் முதலாம் மனுவேல் அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்றார். மாற வருகிறவர்கள் கடவுள் என்ற பெயரையே சபிக்கத் தயங்குகிறார்கள், இது தேவையில்லாத முட்டுக்கட்டை என்பது அவர் வாதம்.

ஆயர்கள் மறுத்தார்கள். நோயுற்றிருந்த மனுவேல் விடவில்லை. நகரத்துக்கு எதிர்க்கரையில் தாம் தங்கியிருந்த அரண்மனைக்கே அவர்களை வரவழைத்தார். தெசலோனிக்காவின் பேராயர் யூஸ்தாத்தியஸ், ஹோமருக்கு உரை எழுதிய பெரும் புலவர், எழுந்து அப்படிப்பட்ட ஒன்றை உண்மைக் கடவுளாக எண்ண முடியாது என்று கடுஞ்சொற்களால் மறுத்தார். பேரரசருக்குக் கோபம் தலைக்கேறியது. மறைமுதல்வர் தியோடோசியஸ் நடுவே புகுந்து சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. கடைசியில் சமரசம் ஏற்பட்டது. கடவுளின் பெயர் சாபத்திலிருந்து நீங்கியது, முகம்மதுவும் அவர் போதனையும் அந்த இடத்துக்கு வந்தன. இன்றைய கண்ணுக்கு இந்தச் சமரசம் பெருந்தன்மையாகத் தெரியாது. ஆனால் அதன் தர்க்கம் கூர்மையானது: கடவுள் ஒருவரே, அவரைப் பற்றிச் சொல்லப்பட்டது தவறு, ஆகவே சாபம் சொன்னவர்மேல், சொல்லப்பட்டவர்மேல் அல்ல. அதே ஆண்டு செப்டம்பரில் மனுவேல் இறந்தார்.

யூத அறிஞர் மைமோனிதிசின் நிலை இன்னும் சிக்கலானது. ஸ்பெயினில் பிறந்து எகிப்தில் வாழ்ந்த அவர், முஸ்லிம்கள் சிலை வழிபாட்டினர் அல்லர், இறை ஒருமையில் அவர்களிடம் குறையே இல்லை என்று தீர்ப்பளித்தார். கிறித்தவர்களைச் சிலை வழிபாட்டினரோடு சேர்த்தார். இதை வைத்து அவர் முஸ்லிம்கள் பக்கம் என்று முடிவு கட்டினால் தவறாகும். யூத வேதத்தைக் கிறித்தவர்களுக்குக் கற்பிக்கலாம், முஸ்லிம்களுக்குக் கற்பிக்கக் கூடாது என்றும் அவரே விதித்தார். கிறித்தவர்கள் அந்த வேதத்தின் மூலம் மாறாதது என்று ஏற்கிறார்கள், முஸ்லிம்கள் ஏற்பதில்லை என்பது காரணம். ஒரு தரப்பாருக்குக் கடவுள் சரி, நூல் தவறு; மறு தரப்பாருக்கு நூல் சரி, கடவுள் தவறு. கிறித்தவர்களுக்கு நடுவே பெர்ப்பிஞானில் வாழ்ந்த யூத அறிஞர் மெயிரி ஒரு நூற்றாண்டு கழித்து, சமய ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட சமூகங்கள் எவையும் பழைய சிலை வழிபாட்டினரைப் பற்றிய சட்டங்களுக்கு உட்படமாட்டா என்று எழுதினார். யாருக்குப் பக்கத்தில் வாழ்கிறோம் என்பதும் இறையியலில் தன் கைவரிசையைக் காட்டும்.

கிரகோரியின் கடிதம் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில். 1964இல் வெளியான திருச்சபை பற்றிய கொள்கை விளக்கம், முஸ்லிம்கள் கத்தோலிக்கரோடு சேர்ந்து ஒரே இரக்கமுள்ள கடவுளை வணங்குகிறார்கள் என்றது. 1965 அக்டோபர் 28 அன்று 2,221 வாக்குகள் ஆதரவாகவும் 88 எதிராகவும் விழ நிறைவேறிய ‘நோஸ்த்ரா எத்தாத்தே’ அறிக்கை அதை விரித்துரைத்து, அடிக்குறிப்பில் 1076ஆம் ஆண்டுக் கடிதத்தைக் காட்டியது. வணங்குவது ஒருவரையே என்று சொன்ன அதே ஆவணம், இயேசுவை முஸ்லிம்கள் கடவுளாக ஏற்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னது. மூன்றாம் கேள்வியில் அது கை வைக்கவில்லை.

சீர்திருத்தச் சபைகளில் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வீட்டன் கல்லூரி என்ற சுவிசேஷக் கிறித்தவக் கல்லூரி இருக்கிறது. 2015 டிசம்பரில் அங்கே அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்த லரீசியா ஹாக்கின்ஸ், முஸ்லிம்களோடு ஒருமைப்பாட்டைக் காட்ட ஹிஜாப் அணியப்போவதாக முகநூலில் எழுதினார். கிறித்தவரும் முஸ்லிம்களும் ஒரே கடவுளை வணங்குவதாகவும், திருத்தந்தை பிரான்சிசைத் துணைக்கு அழைத்து, அதில் சேர்த்தார். ஐந்து நாளில் கல்லூரி அவரைக் கட்டாய விடுப்பில் அனுப்பியது. சிக்கல் ஹிஜாபில் இல்லை, இறையியலில் என்று நிர்வாகம் விளக்கியது. 2016 பிப்ரவரியில் இரு தரப்பும் உடன்பட்டுப் பிரிந்தன. மலேசியாவில் வழக்கு தலைகீழாக ஓடியது. தமிழ் உட்பட நான்கு மொழிகளில் வெளிவந்த கத்தோலிக்க வார இதழ் ‘ஹெரால்ட்’ தன் மலாய்ப் பகுதியில் அல்லாஹ் என்ற பெயரைப் பயன்படுத்த 2009 கடைசி நாளில் உயர் நீதிமன்றம் அனுமதித்தது. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை நீக்கியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் மேலும் முறையிட இடம் தரவில்லை. ஓர் ஊரில் ஒரே கடவுள் என்று சொன்ன கிறித்தவருக்கு வேலை போயிற்று. இன்னொரு நாட்டில் ஒரே பெயரைச் சொல்லும் உரிமை கிறித்தவ இதழுக்குப் போயிற்று.

வீட்டன் விவகாரத்தின்போது தத்துவ அறிஞர்கள் பலர் மொழித் தத்துவத்திலிருந்து வாதங்களை எடுத்து வந்தார்கள். அந்த வாதங்களின் வேர் 1892இல் ஜெர்மானியத் தருக்கவியலாளர் பிரேகே எழுதிய கட்டுரையில் இருக்கிறது. விடியலில் கிழக்கே தெரியும் விடிவெள்ளியும் அந்தியில் மேற்கே தெரியும் விண்மீனும் ஒரே வெள்ளிக் கோள். இரண்டும் வேறு என்று நினைத்தவர்களும் ஒரே கோளைத்தான் பார்த்தார்கள். இரு சமயத்தார் கடவுளை வெவ்வேறாக விவரிப்பதால் மட்டும் அவர்கள் பேசுவது இருவரைப் பற்றி என்று ஆகிவிடாது என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். இருவரைப் பற்றி அல்ல என்றும் இது நிரூபிக்காது.

1970இல் சால் கிரிப்கி பிரின்ஸ்டனில் நிகழ்த்திய உரைகள் இன்னொரு படி போயின. ஒரு பெயர் யாரைச் சுட்டுகிறது என்பதை அவரைப் பற்றிய விவரங்கள் தீர்மானிப்பதில்லை. பெயர் கைமாறி வந்த சங்கிலிதான் தீர்மானிக்கிறது என்றார். ஒருவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் தப்பாக இருந்தாலும் பேச்சு அவரைப் பற்றியதாகவே இருக்க முடியும். ஆபிரகாம் அழைத்த அதே கடவுளை நோக்கித்தான் மூன்று சமயங்களின் சங்கிலியும் போகிறது என்போருக்கு இது பெரிய ஆதாரம். ஆனால் சங்கிலி வழியில் அறுந்தும் போகலாம். கேரத் எவன்ஸ் 1973இல் அதற்கு மடகாஸ்கரை எடுத்துக்காட்டினார். அந்தப் பெயர் முதலில் ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் ஒரு பகுதிக்கு உரியது. மார்கோ போலோ பிறரிடம் கேட்டதைத் தவறாகப் புரிந்துகொண்டதால் தீவுக்குப் போய் ஒட்டிக்கொண்டது. சங்கிலியை மார்கோ போலோ மாற்ற நினைக்கவில்லை, ஆனாலும் அது மாறிவிட்டது. இறைப்பெயருக்கும் அப்படி நேர்ந்ததா என்பதை மொழித் தத்துவம் தன்னளவில் சொல்ல முடியாது. அதற்குள் ஒவ்வொரு சமயமும் தன் வேதத்தின் நம்பகத்தன்மையைக் கொண்டுவந்துவிடுகிறது. வழிபாடு ஏற்கப்படுகிறதா என்பதை இந்தக் கருவிகள் தொடவே இல்லை.

மூன்றாம் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டவை இந்தியச் சமயங்கள். பகவத் கீதையின் ஒன்பதாம் அத்தியாயம், பிற தெய்வங்களை நம்பிக்கையோடு வழிபடுவோரும் கண்ணனையே வழிபடுகிறார்கள் என்கிறது; உடனே, அது முறைப்படியான வழிபாடு ஆகாது என்ற குறிப்பையும் சேர்க்கிறது. தமிழில் இதற்கு மிகத் துல்லியமான விடை 13ஆம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரில் இருக்கிறது. எந்தத் தெய்வத்தை எவர் வணங்கினாலும் அந்தத் தெய்வமாக வந்து பயன் தருபவன் உமையொருபாகன். ஏனென்றால் மற்றத் தெய்வங்கள் பிறப்பு இறப்பு உடையவை, வினைக்கு உட்பட்டவை, வழிபட்டவனுக்குப் பயன் கொடுக்க அவற்றால் ஆகாது. கூட்டங்களில் இதன் முதல் பாதி மட்டும் சமய ஒற்றுமைக்குச் சான்றாகச் சொல்லப்பட்டு, அடுத்த பாதி நாசூக்காக விடுபடும். அதே நூலின் பரபக்கம், உலகாயதம் முதல் பாஞ்சராத்திரம் வரை பதினான்கு கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கிறது என்பதும் சொல்லப்படுவதில்லை. அருணந்தியின் பார்வையில் கொள்கை பல, பெரும்பாலானவை தவறு, ஆனால் வழிபாடு வீண்போவதில்லை, பெறுபவன் ஒருவன். புறச்சமயங்கள் பிறவிதோறும் ஏறிவரும் படிகள், மேல்படியில் சைவம். வழிபாட்டை ஏற்பதும் கொள்கையை மறுப்பதும் ஒரே ஏட்டில் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு, எதிர்த்திசையிலிருந்து ஏறக்குறைய இதே அமைப்புக்கு வந்தார். தமிழ் ஏடுகளைப் படித்தும் உள்ளூராரோடு பேசியும் 1713இல் அவர் எழுதிய தென்னிந்தியத் தெய்வங்களின் வமிசாவளி நூல், தமிழர்கள் எல்லாவற்றுக்கும் மேலான ஒரே பரம்பொருளை இயற்கையறிவால் அறிந்தவர்கள் என்று ஒப்புக்கொள்கிறது. அந்த அறிவிலிருந்து பல தெய்வ வழிபாட்டுக்கு விலகிவிட்டார்கள் என்பது அவர் குறை. ஜெர்மனியின் ஹாலேயிலிருந்த மறைப்பணித் தலைவர்களுக்கு இந்த அளவு ஒப்புதலே பிடிக்கவில்லை. புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதன் கதைகளை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்வதா என்று நூலை முடக்கினார்கள். 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது.

அருணந்தியின் தர்க்கத்தை 20ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க மொழியில் சொன்னவர் இறையியலாளர் கார்ல் ரானர். கிறிஸ்துவை அறியாமலே அருளைப் பெற்று வாழ்பவர் பெயரறியாக் கிறித்தவர் என்றார். ஜப்பானியத் தத்துவஞானி நிஷிதானி கெய்ஜி அவரிடம், ரானரைப் பெயரறியா ஜென் பௌத்தர் என்று அழைத்தால் எப்படி இருக்கும் என்று கேட்டார். நிஷிதானியின் நிலையிலிருந்து அப்படித்தான் சொல்ல வேண்டும், அதைக் கௌரவமாகவே எடுத்துக்கொள்வேன் என்று ரானர் பதில் சொன்னார். கடவுள் ஒருவரே என்ற விடை எப்போதும் ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்துதான் சொல்லப்படுகிறது. பொது மைதானத்திலிருந்து அதைச் சொன்னவர் எவருமில்லை. குர்ஆன் குறிப்பிடும் மறைவான நூல் உபநிடதங்களே என்று கருதி, அவற்றில் ஐம்பதை 1657இல் பாரசீகத்தில் வெளிக்கொணர்ந்த முகலாய இளவரசர் தாரா ஷிக்கோவும் ஒருமையைக் கண்டது குர்ஆன் வழியாகத்தான். இரண்டு ஆண்டில் சமயத் துரோகி என்று குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டார். வாரிசுப் போரில் தோற்றதே உண்மைக் காரணம்.

பௌத்தத்துக்கும் சமணத்துக்கும் இந்த வழக்கில் இடமே கிடையாது என்பதை ஒற்றுமை பேசுவோர் எளிதில் மறந்துவிடுகிறார்கள். சமணத்தில் உலகம் எவராலும் படைக்கப்படாதது. தீர்த்தங்கரர்கள் வணங்கப்படுகிறார்கள், ஆனால் வேண்டுதலுக்குச் செவிசாய்ப்பவர்கள் அல்லர். பாலி மொழிப் பிரம்மஜால சுத்தம், படைப்புக் கடவுள் என்ற நம்பிக்கை எப்படித் தோன்றியது என்றே விளக்குகிறது: வெறுமையான பிரம்ம உலகில் முதலில் பிறந்த ஒருவன் துணை வேண்டும் என்று ஏங்குகிறான், பிறகு வேறு சிலர் தம் வினையால் அங்கே பிறக்கிறார்கள், நம் விருப்பத்தால்தான் இவர்கள் வந்தார்கள் என்று அவன் நினைத்துக்கொள்கிறான், அவர்களும் நம்பிவிடுகிறார்கள். மணிமேகலை வஞ்சி நகரில் சைவவாதி, வைணவவாதி, நிகண்டவாதி, ஆசீவகன் என்று ஒவ்வொருவரையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். எல்லாம் ஒன்றே என்று அவள் முடிவுக்கு வரவில்லை. கேட்டு முடித்துவிட்டு அறவண அடிகளிடம் போகிறாள்.

இவர்களையும் உள்ளே கொண்டுவர ஆங்கிலேய அறிஞர் ஜான் ஹிக் 1989இல் ஒரு வழி சொன்னார். சமயங்கள் எல்லாம் மனித மனத்துக்கு எட்டாத ஒரே மெய்ம்மைக்கு அந்தந்தப் பண்பாடு கொடுத்த முகங்கள். சிவன், அல்லாஹ், பரமபிதா, நிர்வாணம், சூன்யதை எல்லாம் அந்த வரிசையில் அடங்கும். எல்லாரையும் சேர்க்கக் கொடுத்த விலை அதிகம். அந்த மெய்ம்மை நல்லது என்றோ இரக்கமுள்ளது என்றோ ஒன்று என்றோ பல என்றோகூடச் சொல்ல முடியாது என்று ஹிக்கே ஒப்புக்கொண்டார். அப்படியொன்றுக்கு யாரும் தீபம் காட்டியதில்லை, தொழுததில்லை. எல்லா மதத்தாருக்கும் பொதுவான கடவுளைத் தேடிப் போய், எந்த மதத்தாரும் வணங்காத ஒன்றில் வந்து நின்ற கொள்கை இது.

நடைமுறையில் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளிக்கலாம் என்று 1986 அக்டோபர் 27 அன்று அசிசி நகரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் முயன்று பார்த்தார். தலாய் லாமா உட்படப் பல சமயத் தலைவர்கள் வந்தார்கள். சேர்ந்து ஜெபிப்பதாகத் திட்டம் இல்லை. ஜெபிப்பதற்காகச் சேர்ந்து வருவது என்று முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. ஒவ்வொரு சமயத்தாருக்கும் நகரில் தனி இடம் ஒதுக்கப்பட்டது. பிறகு புனித பிரான்சிஸ் பேராலயத்தின் முன் கூடி, ஒருவர் முறை வரும்போது மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு கவனமும் மரபுவாதக் கத்தோலிக்கப் பேராயர் லெபேவருக்குப் போதவில்லை. அசிசிக் கூட்டத்தை அவர் பகிரங்கமாகக் கண்டித்தார், 1988இல் ரோமின் அனுமதியின்றித் தாமே நான்கு ஆயர்களைத் திருநிலைப்படுத்திப் பிரிந்துபோனார். 25ஆம் ஆண்டு நிறைவாக 2011இல் மீண்டும் அசிசியில் கூட்டம் கூட்டிய பதினாறாம் பெனடிக்ட் பொது ஜெபங்களையே நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்துவிட்டார். அவரவர் தனியே ஜெபிக்க அறைகள் கொடுத்தார். கடவுள் நம்பிக்கை இல்லாத சிந்தனையாளர்களையும் முதன்முறையாக அழைத்தார். அவர்களில் ஒருவரான எழுத்தாளர் ஜூலியா கிறிஸ்தேவா திருத்தந்தையின் முன்னிலையில் உரையாற்றினார்.